எழுதிக்கொண்டோமா, தள்ளிவிட்டோமா?
இங்கிலீஷ் பாடம்: வினைக்குப் பின் வரும் சிறு சொற்கள்



நமது சங்கத்து அன்பர்கள் பலர் மத்ரஸாவில் ஓதியவர்கள். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு கடைக்கு வந்தவர்கள். நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே. நமக்கு இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து வரவில்லை. வாடிக்கைக்காரரின் வாயிலிருந்து வந்தது. அப்படி வந்த இங்கிலீஷில் பெயர்ச்சொல் நிறைய இருக்கும்; வினைச்சொல்லும் ஓரளவு இருக்கும். ஆனால் அப், டவுன், ஆஃப், அவுட் என்ற சிறு சொற்கள் மட்டும் இடம் மாறியும் ஆள் மாறியும் கிடக்கும். பெரிய சொல் தெரியாவிட்டால் கையைக் காட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். சிறு சொல் மாறினாலோ அர்த்தமே தலைகீழாகிவிடும். ஆகையால் இந்த இதழில் அந்தச் சிறு சொற்களைப் பற்றியே பாடம் சொல்லப் புகுகிறோம்.

பாடத்துக்கு முன்னால் நமக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடத்தை நாம் கற்றதே அதனால்தான்.

240 வெள்ளிப் பாடம்

2020-ஆம் ஆண்டு ரமலான் மாதம். சிங்கப்பூரில் நோய்த்தொற்றுக்காக ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற கட்டுப்பாடு இருந்த காலம். நோன்புச் சந்தைகள் அந்த வருஷம் நடைபெறவில்லை. வருஷா வருஷம் நோன்புச் சந்தையில் முர்தபா போடுகிற மலாய்ச் சகோதரர் ஒருவர் நம்மிடம் நெய்யும் மசாலாச் சாமானும் பற்றாக வாங்குகிறவர். அவர் பெயரில் 240 வெள்ளி பாக்கி நின்றது. "பாய், பழைய பாக்கியை இப்போது கொடுக்க முடியவில்லை, என்ன செய்யலாம்?" என்று கைப்பேசியில் இங்கிலீஷில் எழுதிக் கேட்டார்.

நாம் சொல்ல நினைத்தது: "அதைக் குறித்துக்கொண்டேன், கவலை வேண்டாம், பிறகு கொடுங்கள்" என்பது. நாம் எழுதி அனுப்பியது: "ஐ ரைட் ஆஃப் இட், நோ ப்ராப்ளம்" என்பது. கணக்கு எழுதுகிறவர் ஒருவர் "ரைட் ஆஃப்" என்று அடிக்கடி சொல்லக் கேட்டிருந்தோம். ஏட்டில் எழுதி வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எண்ணியிருந்தோம்.

செப்டம்பர் மாதம் அவர் கடைக்கு வந்தபோது பாக்கியை மெதுவாக ஞாபகப்படுத்தினோம். அவர் முகம் மாறிவிட்டது. கைப்பேசியை எடுத்து நம் வாசகத்தை நமக்கே காட்டினார். "நீங்கள் தள்ளிவிட்டதாக அல்லவா சொன்னீர்கள்? நானும் என் மனைவியும் அன்றிரவு தொழுகையில் உங்களுக்காக துஆ கேட்டோமே!" என்றார்.

சகோதரர்களே, அந்த நேரம் நாம் கல்லாவின் பின்னால் நின்ற நிலையை எழுத்தில் சொல்ல முடியாது. 'ரைட் இட் டவுன்' என்றால் எழுதிக்கொள்ளுதல். 'ரைட் இட் ஆஃப்' என்றால் கடனைத் தள்ளுபடி செய்தல். நாம் எழுதியதில் இரண்டு பிழை: இட் என்ற சொல் நின்ற இடம் தவறு, டவுன் வர வேண்டிய இடத்தில் ஆஃப் வந்தது தவறு. இடப்பிழையை அவர் பொருட்படுத்தவில்லை. சொற்பிழையை உண்மை என்று நம்பிவிட்டார். பிழை நம்முடையது என்று ஒப்புக்கொண்டு, பாதியை விட்டோம். மீதி 120 வெள்ளியை மாதம் 40 வெள்ளியாக மூன்று மாதத்தில் அவர் கொடுத்து முடித்தார். அல்ஹம்துலில்லாஹ், சிநேகம் கெடவில்லை. ஆனால் அவர் முகம் மாறிய அந்தக் கணம் நம் பேரேட்டில் இன்னும் பற்றாகவே நிற்கிறது.

சூரத்துல் பகராவின் 280-ஆவது வசனம், கஷ்டப்படுகிற கடன்காரனுக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. கடனை தர்மமாக விட்டுவிடுவது இன்னும் நல்லது என்றும் சொல்கிறது. அதற்குப் பின் வரும் 282-ஆவது வசனம் குர்ஆனிலேயே நீளமானது. கடன் சிறியதானாலும் பெரியதானாலும் தவணையோடு எழுதிக்கொள்ளச் சொல்கிறது. முன்னது 'ரைட் இட் ஆஃப்'. பின்னது 'ரைட் இட் டவுன்'. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் இரண்டில் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்வதுதான் வியாபாரியின் அமானிதம்.

இனி பாடத்துக்கு வருவோம்.

முதல் விதி: சிறு சொல் கடைசியில்

'அதை எழுதிக்கொள்' என்பதற்கு இங்கிலீஷில் மூன்று சொற்கள்.

ரைட் என்பது வினைச்சொல்.
இட் என்பது பிரதிப்பெயர். 'அதை' என்று பொருள்.
டவுன் என்பது வினையுரிச்சொல். வினையோடு சேர்ந்து அதன் பொருளை முடித்து வைப்பது.

இவை நிற்க வேண்டிய வரிசை: முதலில் வினை, அடுத்துப் பிரதிப்பெயர், கடைசியில் வினையுரிச்சொல். 'ரைட் இட் டவுன்.' இதை 'ரைட் டவுன் இட்' என்று சொல்வது பிழை. இந்த விதி மீ, யூ, ஹிம், ஹெர், இட், அஸ், தெம் என்ற ஏழு பிரதிப்பெயர்களுக்கும் பொருந்தும்.

பிக் இட் அப் – அதை எடு.
ஸ்விட்ச் தெம் ஆஃப் – அவற்றை அணைத்துவிடு.
வேக் ஹிம் அப் – அவனை எழுப்பு.
கால் மீ பேக் – எனக்குத் திரும்ப அழை.
டிராப் அஸ் ஆஃப் – எங்களை இறக்கிவிடு.

'பிக் அப் இட்', 'ஸ்விட்ச் ஆஃப் தெம்', 'வேக் அப் ஹிம்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஏன் அப்படி வருகிறதென்றால், 'பிக்-அப்', 'ஸ்விட்ச்-ஆஃப்' என்பவற்றை ஒரே சொல்லாக மனப்பாடம் செய்துவிட்டோம். ஒரே சொல்லை நடுவில் உடைத்து வேறொரு சொல்லைச் செருகுவது தமிழ் நாவுக்குப் பழக்கமில்லை.

ஆனால் மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. ஸர்ஃப் பாடத்தில் 'நஸர' என்றால் 'உதவினான்' என்று படித்தோம். 'அவனுக்கு உதவினான்' என்று சொல்ல 'நஸரஹு' என்கிறோம். அந்த 'ஹு' என்ற பிரதிப்பெயர் வினையின் வாலிலேயே ஒட்டிக்கொள்கிறது. 'உக்துப்' என்றால் 'எழுது'; 'உக்துப்ஹு' என்றால் 'அதை எழுது'. இடையில் வேறு சொல் நுழைய இடமில்லை. இங்கிலீஷின் 'இட்', 'ஹிம்' என்பவற்றையும் இந்த 'ஹு' மாதிரி எண்ணிக்கொள்ளுங்கள். வினையைச் சொன்ன மூச்சிலேயே அதை ஒட்டிவிடுங்கள். அதன் பிறகு சிறு சொல்லைச் சொல்லுங்கள். 'ரைட்டிட்' – 'டவுன்'. 'பிக்கிட்' – 'அப்'.

இங்கிலீஷ்காரர்கள் பேசுவதும் இப்படியே. அவர்கள் வாயில் 'பிக்கிட்டப்' என்று ஒரே சொல்லாகத்தான் வரும். அழுத்தம் கடைசியில் உள்ள 'அப்' மேல் விழும். 'இட்' லேசாக நழுவிப் போகும். காரணமும் அதுதான்: 'இட்' என்று சொல்லும்போது எந்தப் பொருள் என்று பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முன்பே தெரியும். தெரிந்த விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. அது நடுவில் ஒதுங்கிக்கொள்கிறது. கேட்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது எடுப்பதா, வைப்பதா, அணைப்பதா என்பதே. அதைச் சொல்லும் சிறு சொல்லுக்குக் கடைசி ஆசனம் கிடைக்கிறது.

இரண்டாம் விதி: பெயரைச் சொன்னால் இரண்டு இடமும் சரி

'இட்' என்பதற்குப் பதிலாகப் பொருளின் பெயரையே சொன்னால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

பிக் அப் தி பாக்ஸ் – சரி.
பிக் தி பாக்ஸ் அப் – இதுவும் சரி.
பிக் இட் அப் – இது மட்டுமே சரி.

பெயர் நீளமாக இருந்தால் சிறு சொல்லை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. 'நேற்று வந்த அந்தப் பெரிய பச்சைப் பெட்டி' என்று நீட்டிச் சொல்லிவிட்டுக் கடைசியில் 'அப்' என்று முடித்தால், கேட்கிறவருக்கு வினையே மறந்துபோகும்.

மூன்றாம் விதி: எல்லாச் சிறு சொல்லும் ஒரு ஜாதி அல்ல

இங்கேதான் நம் பிள்ளைகள்கூடத் தடுமாறுகிறார்கள். 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்றால் 'அவனைக் கவனித்துக்கொள்'. இதை முதல் விதிப்படி 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று மாற்றலாமா? கூடாது. ஏனெனில் இங்கே 'ஆஃப்டர்' வினையுரிச்சொல் அல்ல. பெயருக்கு முன்னால் நிற்கும் முன்னிடைச்சொல். அது வினையோடு சேர்வதைவிட, பின்னால் வரும் பெயரோடுதான் சேரும்.

இதற்கும் அரபி துணை செய்கிறது. நபிகள் நாயகத்தின் பெயரைக் கேட்டவுடன் நாம் சொல்லும் ஸலவாத்தில் 'அலைஹி' என்ற சொல் வருகிறதல்லவா? 'அலா' என்றால் 'மேல்'. அதோடு 'ஹு' சேர்ந்து 'அலைஹி', 'அவர்கள் மேல்' என்று ஆகிறது. இங்கே பிரதிப்பெயர் வினையோடு ஒட்டவில்லை, முன்னிடைச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'லுக் ஆஃப்டர் ஹிம்' என்பது 'அலைஹி' வகை. 'பிக் இட் அப்' என்பது 'நஸரஹு' வகை. இந்த இரண்டு வகையையும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

'அலைஹி' வகைக்கு உதாரணங்கள்:

வெயிட் ஃபார் மீ – எனக்காகக் காத்திரு.
லுக் அட் இட் – அதைப் பார்.
லுக் ஃபார் தெம் – அவற்றைத் தேடு.
லிஸன் டு ஹெர் – அவள் சொல்வதைக் கேள்.

எது எந்த வகை என்று எப்படி அறிவது? மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: அவே, பேக் இரண்டும் எப்போதும் வினையுரிச்சொல்லே. ஆகவே 'டேக் இட் அவே', 'கிவ் இட் பேக்' என்றுதான் வரும்.

இரண்டு: அட், ஃபார், வித், இன்ட்டு என்பவையும், 'லிஸன் டு' என்பதில் வரும் 'டு'வும் முன்னிடைச்சொற்கள். பிரதிப்பெயர் இவற்றுக்குப் பின்னால் வரும்.

மூன்று: அப், டவுன், இன், ஆன், ஆஃப், ஓவர் ஆகியவை இரண்டு வேஷமும் போடும். இங்கே அர்த்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் கூட்டத்துக்கு ஓர் உதாரணம். 'ஹீ ரான் அப் தி ஹில்' என்றால் 'அவன் மலை மேல் ஓடினான்'. 'ஹீ ரான் அப் எ பில்' என்றால் 'அவன் கணக்கில் பற்றை ஏற்றிவிட்டான்'. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. பிரதிப்பெயரைப் போட்டுப் பாருங்கள், சாயம் வெளுத்துவிடும். மலையானால் 'ஹீ ரான் அப் இட்'. பற்றானால் 'ஹீ ரான் இட் அப்'. மலைக்கு 'அப்' என்பது ஓடிய இடத்தைச் சொல்கிறது. பற்றுக்கு 'அப்' என்பது கூடிக்கொண்டு போனதைச் சொல்கிறது. கடைக்காரராகிய நமக்கு முன்னதைவிடப் பின்னதுதான் அதிகம் பழக்கம்!

சிறு சொல் மாறினால் என்ன ஆகும்?

தமிழில் 'எடு' என்பது ஒரு சொல். ஆனால் எடுத்துக்கொள், எடுத்துக்கொடு, எடுத்துவிடு, எடுத்துவை என்று துணை வினைகளைச் சேர்த்து நாம் எத்தனை அர்த்தம் உண்டாக்குகிறோம்! 'சாப்பிடு' என்பதற்கும் 'சாப்பிட்டுவிடு' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். இங்கிலீஷில் 'ஈட் இட்' என்றால் சாப்பிடு. 'ஈட் இட் அப்' என்றால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிடு. நமது 'விடு', 'கொள்', 'வை' செய்கிற வேலையில் ஒரு பகுதியை அவர்களுடைய சிறு சொற்கள் செய்கின்றன. ஆகையால் இவற்றை அற்பமாக எண்ணக்கூடாது.

'புட்' என்ற ஒரே வினையை எடுத்துக்கொள்வோம்.

புட் இட் ஆன் – அதை அணிந்துகொள். (தொப்பி, சட்டை, செருப்பு.)
புட் இட் டவுன் – அதைக் கீழே வை.
புட் இட் பேக் – இருந்த இடத்திலேயே திரும்ப வை.
புட் இட் அவே – எடுத்து ஒழுங்காக உள்ளே வை.
புட் இட் அவுட் – நெருப்பானால், அதை அணை.
புட் இட் ஆஃப் – அதை ஒத்திப்போடு.

கடைசி இரண்டையும் கவனிக்கவும். குப்பைத் தொட்டியில் நெருப்புப் பிடித்துக்கொண்டால் 'புட் இட் அவுட்' என்று கத்த வேண்டும். 'புட் இட் ஆஃப்' என்று கத்தினால், 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று அர்த்தமாகும்!

நிக்காஹ் விஷயம் இன்னும் முக்கியம். தேதி தள்ளிப்போயிருந்தால் 'வி ஹேவ் புட் இட் ஆஃப்' என்று சொல்ல வேண்டும். 'வி ஹேவ் கால்ட் இட் ஆஃப்' என்று சொன்னால் கல்யாணமே நின்றுபோனதாக அர்த்தம். சமையற்காரரிடமோ மண்டபத்துக்காரரிடமோ இப்படிச் சொல்லிவிட்டால், அவர் அந்தத் தேதியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார். நாமும் பெண் வீட்டாருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

'டேக் இட் பேக்' என்பதிலும் ஜாக்கிரதை வேண்டும். வாடிக்கைக்காரர் பழுதான சாமானைக் கொண்டுவந்தால், 'ஐ வில் டேக் இட் பேக்' என்று நாம் சொல்வது 'நான் திரும்ப ஏற்றுக்கொள்கிறேன்' என்பதாகும். 'ஐ' என்ற சொல்லை விழுங்கிவிட்டு 'டேக் இட் பேக்' என்று மட்டும் சொன்னால், 'அதை நீயே எடுத்துக்கொண்டு போ' என்று விரட்டுவதாகிவிடும். நல்ல மனதோடு சொன்ன சொல் கெட்ட பேரை வாங்கித் தரும்.

நம் ஊர்ப் பேச்சு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'ஆன் தி லைட்', 'ஆஃப் தி ஃபேன்' என்று சொல்வது எல்லா இனத்தாரிடமும் உள்ள வழக்கம். வினையே இல்லாமல் சிறு சொல்லையே வினையாக்கிக்கொண்டோம். 'ஓப்பன் தி லைட்', 'க்ளோஸ் தி லைட்' என்பதும் உண்டு. மலாயில் விளக்குப் போடுவதைத் 'திற' என்ற சொல்லால் 'பூக்கா லம்பு' என்று சொல்வார்கள். சீன மொழியிலும் விளக்கைத் 'திற' என்றே சொல்கிறார்கள். அந்தப் பாஷைகளின் நடை நம் இங்கிலீஷிலும் குடியேறிவிட்டது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல பாஷைக்காரர்கள் ஒரு சந்தையில் கூடினால் இப்படித்தான் ஆகும். கடையில் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ள அது போதும். ஆனால் வேலைக்கு மனுப் போடும் கடிதத்திலும், பிள்ளையின் ஆசிரியருக்கு எழுதும் சீட்டிலும் அது போதாது. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தை அரசாங்கமே தொடங்கியது இதை உத்தேசித்துத்தான். 'டர்ன் இட் ஆன்', 'டர்ன் இட் ஆஃப்' என்ற முறையான நடையையும் தெரிந்துவைத்துக்கொண்டு, இடம் பார்த்துப் பேசுவதே புத்திசாலித்தனம். 'டர்ன் இட் டவுன்' என்றால் வானொலிச் சத்தத்தைக் குறைப்பது. வேலைக்கோ சம்பந்தத்துக்கோ அதைச் சொன்னால் 'மறுத்துவிடு' என்று பொருள்.

நமக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் 1755-இல் அகராதி வெளியிட்ட ஸாமுவேல் ஜான்ஸன் என்ற பேரறிஞர், வினைக்குப் பின் சிறு சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்தப் பழக்கமே அந்நியருக்கு மிகுந்த கஷ்டம் தருவது என்று அதன் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான்காம் விதி: 'எப்படி' என்று சொல்லும் சொற்கள்

இதுவரை சொன்னவை சிறு சொற்கள். வெல், வெரி மச், ஸ்லோலி, கேர்ஃபுலி என்று செய்கையின் விதத்தைச் சொல்லும் வினையுரிச்சொற்களும் உண்டு. அவையும் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் நுழையக்கூடாது.

ஐ நோ ஹிம் வெல் – அவரை எனக்கு நன்றாகத் தெரியும்.
ஐ லைக் இட் வெரி மச் – எனக்கு அது மிகவும் பிடிக்கும்.
கேரி இட் கேர்ஃபுலி – அதை ஜாக்கிரதையாகத் தூக்கிச் செல்.

'ஐ லைக் வெரி மச் இட்' என்பது பிழை. பிரதிப்பெயர் இல்லாமல் பெயர் வந்தாலும் இதே விதிதான். 'ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' என்பது சரி. 'ஹீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' என்பது தவறு. தமிழில் 'நன்றாக' என்ற சொல் வினைக்கு முன்னால் வரும். அந்தப் பழக்கத்தில் நாம் இங்கிலீஷிலும் அவசரப்பட்டு முன்னால் சொல்லிவிடுகிறோம். பொறுத்துக் கடைசியில் சொல்லப் பழக வேண்டும்.

அன்றாடத்துக்குச் சில வாசகங்கள்

கடையில்:
ட்ரை இட் ஆன் – போட்டுப் பாருங்கள்.
ராப் இட் அப் – பொட்டலம் கட்டிக் கொடு.
ஆட் தெம் அப் – அவற்றைக் கூட்டிப் பார்.
பே மீ பேக் – எனக்குத் திருப்பிக் கொடு.

வீட்டிலும் பள்ளியிலும்:
பிக் ஹெர் அப் – பள்ளியிலிருந்து அவளை அழைத்து வா.
லெட் தெம் இன் – அவர்களை உள்ளே விடு.
ஃபில் இட் இன் – படிவத்தைப் பூர்த்தி செய். (பெட்ரோல் தொட்டிக்கு 'ஃபில் இட் அப்'.)
ஹேண்ட் இட் இன் – பூர்த்தி செய்ததை ஒப்படை.

விமான நிலையத்தில்:
சீ தெம் ஆஃப் – அவர்களை வழியனுப்பி வை. ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை வழியனுப்பிவிட்டு வந்தால், 'வி சா தெம் ஆஃப்' என்று சொல்லலாம்.

இவற்றை அப்படியே சொன்னால் ஏவல் போல இருக்கும். பெரியவரிடமோ வாடிக்கைக்காரரிடமோ பேசும்போது முன்னால் 'குட் யூ' என்றும் கடைசியில் 'ப்ளீஸ்' என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'குட் யூ ரைட் இட் டவுன், ப்ளீஸ்?' என்றால் 'தயவு செய்து எழுதிக்கொள்கிறீர்களா?' என்று மரியாதையாகிவிடும். வரிசை மாறுவதில்லை.

பயிற்சி

பின்வருவனவற்றில் பிழை இருந்தால் திருத்துங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்து பாருங்கள். அவர்கள் நம்மைத் திருத்துவார்களேயானால் கோபப்பட வேண்டாம்.

1. ப்ளீஸ் கிவ் பேக் இட்.
2. வெயிட் மீ ஃபார்.
3. டேக் ஆஃப் தெம். (செருப்புகளைக் கழற்று என்ற பொருளில்.)
4. லுக் ஆஃப்டர் ஹெர்.
5. ஐ நோ வெல் தெம்.
6. பிக் அப் தி பாக்ஸ்.

விடைகள்: முதலாவது, ப்ளீஸ் கிவ் இட் பேக். இரண்டாவது, வெயிட் ஃபார் மீ. இது 'அலைஹி' வகை. மூன்றாவது, டேக் தெம் ஆஃப். நான்காவது சரியே. ஐந்தாவது, ஐ நோ தெம் வெல். ஆறாவதும் சரி, பெயர் வந்திருப்பதால் இரண்டு இடமும் பொருந்தும்.

நம் முன்னோர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் என்று வழங்கினார்கள். ஓதத் தெரிந்த எழுத்தைக்கொண்டு தெரியாததைக் கற்றார்கள். அதே வழியில் இங்கே இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். எழுத்து எதுவானாலும் பழக்கம்தான் பாஷை. தினம் இரண்டு வாசகத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு தானே வழிக்கு வந்துவிடும்.

அந்த மலாய்ச் சகோதரர் இன்றும் நமது வாடிக்கைக்காரர். பற்று வைக்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே, "டவுனா பாய், ஆஃபா?" என்று கேட்பார். நாமும் பேனாவை எடுத்து, "டவுன், டவுன். ஐ ஆம் ரைட்டிங் இட் டவுன்" என்று சொல்லி அவர் கண் முன்னாலேயே எழுதுகிறோம். என்றாவது ஒரு நாள் மனமறிந்து 'ஆஃப்' என்று சொல்லும் வசதியை அல்லாஹ் நமக்கும் உங்களுக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.